மூன்றாவது உயிர்

பிரின் ஐத்தின் பண்ணை
4 மே 1852

அக்கா,

'அன்புள்ள' என்று போடலாமென்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போய்க் கம்பளி நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். என் வீட்டுக்காரி எலின் உனக்காக அடுப்பில் கஞ்சியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொல்லன் ஹூவ் எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறான்: "என்னப்பா மெய்ரிக், உங்கக்கா கூலியாள் வரிசைல நின்னுச்சே, வீட்ல கஞ்சிக்கு வழியில்லையா?" நாற்பது வயதில், பதினாறு வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று, யாரோ ஒரு துறைமுகத்துக்காரியிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சரி, மானம் போனால் போகட்டும். நிலம்? நீ எல்லாவற்றையும் மறந்தவள் போல நடந்துகொள்வதால் எழுதுகிறேன். 1812 மே மாதம் அப்பா இந்தப் பண்ணையை எடுத்தபோது ஆண்டுக் கணக்கில் எடுக்கவில்லை, உயிர்க் கணக்கில் எடுத்தார். பத்திரத்தில் மூன்று பேர்: அப்பா, அம்மா, அவர்களுடைய நான்கு மாதக் குழந்தை கைனார். இவர்களில் ஒருவர் மூச்சு விடுகிறவரை பிரின் ஐத்தின் நம்முடையது. கடைசி மூச்சு நின்றால் கெல்லி எஸ்டேட்காரர்கள் வந்து சாவியை வாங்கிக்கொள்வார்கள். அப்பா போய்ப் பதினோரு வருடம். அம்மா போய் ஏழு வருடம். மிச்சம் நீ ஒருத்திதான். புதிய எஜமான் யாருக்கும் புதுப் பெயர் சேர்த்துத் தருவதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

நான் என் முதுகை ஒடித்துக் கீழ்வயல் சேற்றை வடித்தேன். ஆறு பிள்ளைகள் இந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறார்கள். நீ அங்கே ஈரக் காற்றில் இருமிக்கொண்டு கண்டவனுக்கும் மீன் பொரித்துப் போடுகிறாய்.

விளையாட்டுப் போதும். வந்து சேர்.

மெய்ரிக்


போர்த்மாடாக்
11 மே 1852

தம்பி மெய்ரிக்,

நான் இருமவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

இங்கே கப்பல் கேப்டனின் விதவை திருமதி பாரியின் விடுதியில் சமைக்கிறேன். தினமும் படகுத்துறைக்குப் போய் நானே மீன் வாங்குகிறேன். வழுக்குப் பலகை மேல் நடக்கிறேன். ஒருநாள் சின்னப் படகிலும் ஏறினேன். உனக்குப் படிக்கும்போதே மயக்கம் வரும், தெரியும்.

நாற்பது வருடத்தில் நான் எங்கே போயிருக்கிறேன் சொல்? ஆற்றைத் தாண்டக் கூடாது, குதிரை ஏறக் கூடாது, பனி பெய்தால் கொட்டில்வரைகூடப் போகக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் சித்தி மகள் கல்யாணத்துக்கு எல்லாரும் போனீர்கள், நான் மட்டும் பூனையோடு வீட்டில். வருடத்துக்கு இரண்டு முறை குத்தகை நாளில் எஸ்டேட் மாளிகைக்குக் கூட்டிப் போய் மேஜை முன்னால் நிறுத்துவீர்கள். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்கு நம்ம மூணாவது உயிரு?" என்பான். "நல்லா இருக்கேனுங்க." நோட்டில் ஒரு கோடு போடுவான். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பார்களே, அது தேவலை, மாட்டை யாராவது வாங்கிக்கொண்டாவது போவார்கள்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அம்மா காய்ச்சலில் கிடந்தாளே, மேல்தட்டில், ஒன்பது நாள். எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நீ ஏணியை மேலே இழுத்துவிட்டாய். நான் கீழே நின்று கத்தினேன். அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது மெய்ரிக். போய் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவிடவில்லை.

இன்னொரு விஷயம். இங்கே இத்தெல் என்று ஒரு கப்பல் தச்சர் இருக்கிறார். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பொய் சொல்லமாட்டார். கூரை வேயும் கல்பலகை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போகிற கப்பலில் இந்தக் கோடையில் போகிறார். என்னையும் கூப்பிடுகிறார். கல்யாணம் செய்துகொண்டு போகப்போகிறோம். வருடா வருடம் பாதிரியார் கையெழுத்தோடு 'கைனார் உயிரோடு இருக்கிறாள்' என்று கடிதம் அனுப்புகிறேன். அதை மேஜையில் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளட்டும்.

கைனார்


பிரின் ஐத்தின்
20 மே 1852

அக்கா,

கல்யாணமா! எலினுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உனக்கு நடந்ததையெல்லாம் எழுதிவிட்டாய். எனக்கு நடந்ததைக் கேள். வீட்டில் ஒரே பசு கறந்த வருடம் பால் யாருக்குப் போனது? உனக்கு. எனக்கு மோர். ரொட்டியில் வெண்ணெய் உனக்கு. எனக்குப் பத்து வயதில் ஐஸ் உடைந்து குளத்தில் விழுந்தேனே, நினைவிருக்கிறதா? அப்பா ஓடி வந்து முதலில் கேட்டது, "கைனார் எங்கடா? அவளும் கூட வந்தாளா?" நான் நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். நான் பத்திரத்தில் இல்லாத உயிர். இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். நீ என்னவோ உன்னைச் சிறை வைத்தோம் என்கிறாய். உன் சிறையில் வெண்ணெய் இருந்தது அம்மணி.

ஏணி விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

நேற்று எஸ்டேட் ஏஜெண்ட் ஃபென்விக் குதிரையில் வந்தார். இறங்கவில்லை. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் குமாஸ்தா நம் பேச்சில் சொன்னான்.

"உங்க அக்கா ஊரை விட்டுப் போயிட்டாளாமே?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்குங்க. திரும்பிரும்."

"ஜூலைல தேர்தல் வருது. ஓட்டுக்காரங்க பத்திரமெல்லாம் சரி பாக்கறோம். ஜூன் முடியறதுக்குள்ள அவ என் மேஜை முன்னால வந்து நிக்கணும். கடிதாசி கிடிதாசி எல்லாம் வேணாம். நிக்கலைன்னா செத்தவ கணக்குல எழுதிருவேன்."

சொல்லிவிட்டுக் கீழ்வயலைப் பார்த்தார் பார், நான் வடித்த வயலை. யாருக்குக் கொடுக்கலாம் என்று அப்போதே முடிவு செய்த பார்வை.

கடலில் முங்கிப்போன ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். வா.

மெய்ரிக்


போர்த்மாடாக்
2 ஜூன் 1852

மெய்ரிக்,

கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டுமென்று நம் ஊர் தேவாலயத்துக்கு எழுதியிருந்தேன். புதிய பாதிரியார் நல்லவர், உடனே பதிவேட்டைப் பார்த்து நகல் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குறிப்பு. அதை அப்படியே எழுதுகிறேன்:

'பிரின் ஐத்தின் ரிஷியர்ட் மகள் கைனார், ஞானஸ்நானம் ஜனவரி 1812. அதே கைனார், இரண்டு வயது, அடக்கம் பிப்ரவரி 1814. அம்மா, தாங்கள் இந்தக் குழந்தைக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்ளலாமா?'

நான் இந்தக் குழந்தைக்கு என்ன உறவு, மெய்ரிக்? நீ சொல்.

திருமதி பாரியின் அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மீன் கருகியது. செத்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பேரை வைக்கட்டும். அவள் வயதையும் சேர்த்து என் தலையில் வைத்தார்களே!

எட்டு வயதில் காலுறை பின்னத் தெரியவில்லை என்று அம்மா என்னை மண்டு என்றாள். எனக்கு அப்போது ஆறுகூட ஆகியிருக்காது. ஞாயிறு பள்ளியில் என் வயதுப் பிள்ளைகள் வசனம் ஒப்பிப்பார்கள், எனக்கு எழுத்தே பிடிபடாது, "வளர்த்தி போதாத பிள்ளை" என்று என் எதிரிலேயே சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் இவ்வளவு நாளும் வாழ்ந்தேன். தம்பி என்னை விட உயரம், தம்பி என்னை விட கெட்டி. ஆகாமல் என்ன! நீ பிறந்தது 1813 மார்ச். நான் அவள் செத்த பிறகு பிறந்தவள். நீ எனக்குத் தம்பியே இல்லை.

உனக்கு இது தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

கைனார்


பிரின் ஐத்தின்
8 ஜூன் 1852

கைனார்,

தெரியும்.

அம்மாதான் சொன்னாள், மேல்தட்டில், ஆறாவது நாள். முதல் கைனார் கக்குவான் இருமலில் போனாள். அப்போது நீ வயிற்றில். நீ பிறந்தது 1814 செப்டம்பர். நம் ஊர்ப் பதிவேட்டில் ஏறாதபடி உனக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசங்கியார் வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொல்லன் ஹூவுக்குத் தெரியும், அவன் அப்பனுக்கும் தெரியும். மாளிகைக்காரன் காதுக்குப் போகக் கூடாது என்று சபையில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நம் ஆட்கள் ஒருத்தரையொருத்தர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் அல்லவா! உன்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரிந்தால் மேஜை முன்னால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா பயந்தாராம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏணியை வைடா. அவ வரட்டும். அவ உயிரு பத்திரத்துல இல்லடா, அவளுக்கு ஒண்ணுமில்ல, நான் புள்ளைய ஒருதரம் பாத்துக்கறேன்." நான் வைக்கவில்லை. நீ உண்மையான மூன்றாவது உயிர் இல்லை, சரி. ஆனால் நீ செத்தால் அந்தப் பொய்யும் சேர்ந்து செத்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். அம்மா மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்கவில்லை.

என்னை நீ எப்படி வேண்டுமானாலும் திட்டு. கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அம்மா போன அன்றோடு இந்தக் குத்தகை முடிந்துவிட்டது கைனார், ஏழு வருடமாக நாங்கள் திருட்டு நிலத்தில் உழுகிறோம். நீ வந்து மேஜை முன்னால் நிற்காவிட்டால் அவர்கள் தோண்ட ஆரம்பிப்பார்கள். பதிவேடு தேவாலயத்தில்தான் இருக்கிறது. பாதிரியாருக்கு என்ன பதில் எழுதினாய்?

எனக்காகக் கேட்கவில்லை. கேட்கிற தகுதியும் இல்லை.

மெய்ரிக்


போர்த்மாடாக்
15 ஜூன் 1852

மெய்ரிக்,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பாதி எரிந்ததும் எடுத்துவிட்டேன். பிள்ளைகளின் பெயர்கள் எதுவும் நீ எழுதவில்லை, அது உன் சாமர்த்தியம். எழுதியிருந்தால் வேண்டுமென்றே எழுதுகிறாய் என்று முழுவதும் எரித்திருப்பேன். இப்போது நானே ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன், டுடுரில் ஆரம்பித்துக் கைப்பிள்ளை வரை.

வருகிறேன். பாதிரியாருக்கு, தூரத்து உறவு என்று எழுதிவிட்டேன். திருமதி பாரிக்கு வேறு ஆள் வரும்வரை இருந்தாக வேண்டும், ஜூன் இருபத்தெட்டாம் தேதி சரக்கு வண்டியில் வந்து இறங்குவேன். மேஜை முன்னால் நின்று 'நல்லா இருக்கேனுங்க' என்கிறேன். இந்தத் தடவை தெரிந்தே சொல்லப்போகும் பொய். அதற்கு நான் கடவுளிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இத்தெலிடம் சொன்னேன். உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்க தம்பிக்காகவா போறீங்க?" "இல்ல. அந்தப் புள்ளைங்களுக்காக." "வருஷா வருஷம் போய் நிக்கணுமா?" "சாகிற வரைக்கும்." அவர் உளியைக் கீழே வைத்தார். "அப்ப உங்களுக்காக நீங்க எப்பதான் வாழ்வீங்க?" என்றார். நான் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கப்பல் மாதக் கடைசியில் கிளம்புகிறதாம். எனக்குப் பிடித்திருந்தது மெய்ரிக், அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை, அதுதான் கொடுமை.

வந்த பிறகு ஏணியைப் பற்றிப் பேசாதே. ஒரு நாளும் பேசாதே.

கைனார்


பிரின் ஐத்தின்
21 ஜூன் 1852, திங்கள்

தங்கச்சி,

வராதே. வண்டி ஏறாதே. இதைப் படித்ததும் அந்தத் தச்சரிடம் ஓடு.

உன் கடிதத்தை எலினுக்குப் படித்துக் காட்டினேன். கைப்பிள்ளையைத் தொட்டிலில் வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். "அவளப் பலி குடுத்து வர்ற ரொட்டி எனக்குத் தொண்டைல இறங்காது. ஒண்ணு நீ போய் உண்மையச் சொல்லு, இல்ல நான் போறேன்" என்றாள். பதினைந்து வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

இன்று காலை மாளிகைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் குழந்தை, நீ, அம்மா, எல்லாம். ஃபென்விக் நான் முடிக்கும்வரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குமாஸ்தாவிடம் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நம் பத்திரம். அதன் முதுகில் பழைய ஏஜெண்டின் கையெழுத்தில் இரண்டு வரி. குமாஸ்தா எனக்குப் படித்துச் சொன்னான்: '1814 பிப்ரவரி. குழந்தை கைனார் இறந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.'

அவர்களுக்குத் தெரியும் கைனார். முதல் நாளிலிருந்து தெரியும்.

ஃபென்விக் சிரித்தார். அவர் சொன்னதையும் குமாஸ்தாதான் நம் பேச்சில் சொன்னான். "ஆறு மாசக் கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்து மூணு வயசுப் புள்ளைன்னு உங்கப்பன் காட்டினானாம். எந்த முட்டாள்யா நம்புவான்?"

"அப்புறம் ஏங்க இத்தனை வருஷம் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"உயிர்க் குத்தகைக்காரனுக்கு ஓட்டு உண்டு. வருஷக் குத்தகைக்காரனுக்கு ஏது? எங்களை ஏமாத்தறோம்னு நெனச்சுப் பயந்து கிடக்கறவன் கூரை ஒழுகுதுன்னு வந்து நிக்க மாட்டான். சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடுவான். உங்கப்பன் போட்டான், நீ போட்டே. எப்பவாச்சும் எதிர்த்துப் பேசிருக்கியா?"

நான் பேசியதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு முறைகூட இல்லை. அவர்களுடைய முயல்கள் என் பயிரைத் தின்றன, வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே நாம் குற்றவாளிகள், எதற்கு வம்பு என்று.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ சொன்னது என் காதுல விழல. எதிர்க்கட்சிக்காரன் தலை எடுக்கறான், ஒரு ஓட்டு எனக்குப் பெருசு. எனக்குத் தேவைப்படற வரைக்கும் உங்கக்கா உயிரோட இருப்பா. தேவைப்படாத அன்னிக்கு 1814-லயே செத்திருப்பா. அவ இங்க இருந்தா என்ன, அமெரிக்கால இருந்தா என்ன? உன்னைக் கொஞ்சம் ஆட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

திரும்பி வரும் வழியில் வேலியோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பால், வெண்ணெய், ஆறு, குதிரை, மேஜை, எல்லாம் எதற்கு? அம்மாவை எதற்கு அப்படிச் சாகவிட்டேன்? யாரும் நம்பாத ஒரு பொய்க்குக் காவல் இருந்திருக்கிறேன்.

ஜூலையில் ஓட்டு நாளன்று மேடை ஏறி, எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்ன பெயரைத்தான் சொல்வேன். என்னைக் கேவலமாக நினைக்காதே, ஆறு பேர் இருக்கிறார்கள். ஆனால் உன்னைக் கட்டிப்போட இனி ஒன்றுமில்லை. கப்பல் மாதக் கடைசிதானே? நேரம் இருக்கிறது. தபால் வண்டி போவதற்குள் இதைக் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

போ தங்கச்சி. ஓடு.

மெய்ரிக்


போர்த்மாடாக்
26 ஜூன் 1852

மெய்ரிக்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நல்ல காற்று அமைந்ததென்று கப்பலைப் புதன்கிழமையே எடுத்துவிட்டார்கள். நான் துறைக்குப் போகவில்லை. போனால் ஏறிவிடுவேனோ என்று பயந்து விடுதிக்குள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளாக எனக்கு வெறி பிடித்தது போல இருக்கிறது. பிறந்ததிலிருந்து என்னைப் பிறர் அடைத்து வைத்தார்கள், அதைத் தாங்கிக்கொண்டேன். இந்த ஒரு முறை நானே, என் சொந்த வாயால், போகவில்லை என்று சொன்னேன். அதுவும் ஒன்றுமில்லாததற்கு. அந்த ஃபென்விக் என்னை ஏமாற்றியது பெரிதில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தையும் கேலிக்கூத்தாக்கிவிட்டான். திருமதி பாரி என்னைத் தொடப் பயப்படுகிறாள். ஒரு தட்டை உடைத்தேன், வேண்டுமென்றே.

வீட்டுக்கு வரமாட்டேன். எலினிடம் சொல், அவள் சொன்ன சொல்லை நான் மறக்கமாட்டேன். உன் ஓட்டைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நீயும் அதே மேஜை முன்னால்தான் நிற்கிறாய்.

செப்டம்பரில் இன்னொரு கப்பல் போகிறது. இத்தெல் போய் இறங்கும் ஊர் எனக்குத் தெரியும். காத்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காத்திருந்தாலும் போவேன், இல்லாவிட்டாலும் போவேன். இன்று காலை கப்பல் ஆபீசில் பெயர் கொடுத்தேன். அங்கிருந்தவன் நல்ல பையன், ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். கடைசியில் தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்கம்மா, எல்லாரையும் கேக்கறதுதான். வழியில உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்?" என்றான்.

நான் செத்தால் யாருக்கு என்ன போகும் என்று இத்தனை நாளும் மற்றவர்கள்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில், "எங்க அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றேன். "சொத்து விஷயமாங்களா?" என்று கேட்டான். "இல்ல தம்பி. அழறதுக்கு" என்றேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, உன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டான்.

அழுவாயா அண்ணா?

கைனார்